வெப்பம் சுமக்கும் நுண்துகள்கள்

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடந்தவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். வெள்ளம் கொண்டுவந்த மணல், நீர் வந்து சேரும் வாயிலிலேயே திட்டாகப் படிந்துவிடுகிறது. ஆனால் செந்நிறக் கலங்கல் அவ்வளவு எளிதில் தெளிவதில்லை. நாட்கள் பல சென்றும் நீர் கலங்கியே நிற்கிறது. மணலும் மண், களியும் மண். ஒன்று உடனே அடியில் அமர்கிறது. மற்றொன்று அமர மறுக்கிறது. ஏன்?

2019ஆம் ஆண்டு கரையோர நடைபாதையுடனும் பூங்காவுடனும் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட இந்த ஏரியின் கரையில் நின்று கேட்கும் இந்த எளிய கேள்விக்கும், இன்றைய பொறியியல் உலகில் பெரிதும் பேசப்படும் ‘நானோ பாய்மங்கள்’ என்னும் துறைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அத்தொடர்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெப்பம் என்னும் சுமை

நாம் வாழும் பகுதி இயந்திரங்களின் பகுதி. ஆவடியில் 1961 முதல் கனரக ஊர்தித் தொழிற்சாலை இயங்கி வருகிறது. போர் ஊர்திகளை வடிவமைக்கும் ஆய்வு நிறுவனமும் ஆவடியிலேயே உள்ளது. அங்கு வடிவமைக்கப்பட்ட அர்ஜுன் டாங்கியின் எஞ்சின் 1400 குதிரைத்திறன் கொண்டது. அம்பத்தூர் தொழிற்பேட்டையிலோ ஆயிரக்கணக்கான லேத்துகளும் கடைசல் கருவிகளும் நாள்தோறும் சுழல்கின்றன.

இவை அனைத்துக்கும் பொதுவான பகை ஒன்று உண்டு. அதுவே வெப்பம். ஓர் எஞ்சினில் எரியும் எண்ணெயின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. ஏறத்தாழ மற்றொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியை ரேடியேட்டர் நீர்தான் சுமந்து சென்று காற்றில் கொட்ட வேண்டும். அந்த நீர் தன் வேலையைச் சரியாகச் செய்யாவிடில், எத்தனை குதிரைத்திறன் இருந்தும் எஞ்சின் சிறிது தொலைவிலேயே நின்றுவிடும். லேத்தில் கடைசல் முனையின்மீது வெண்ணிறப் பாலைப் போலக் கொட்டும் ‘கூலன்ட்’ நின்றுபோனால் முனை கருகிவிடும் என்பதை அம்பத்தூர்த் தொழிலாளர் எவரும் சொல்வர்.

நம் கையிலுள்ள குளிர்விக்கும் நீர்மங்கள் வெப்பத்தைக் கடத்துவதில் மிகவும் ஏழைகள் என்பதே இதிலுள்ள சிக்கல். வெப்பங்கடத்துதிறனை வாட்/மீட்டர்-கெல்வின் என்னும் அலகால் அளக்கிறோம். அவ்வலகில் செம்பின் மதிப்பு ஏறத்தாழ 400. நீரின் மதிப்பு 0.6 மட்டுமே. ரேடியேட்டரில் நீரோடு கலக்கப்படும் எத்திலீன் கிளைகால் 0.25. எஞ்சின் எண்ணெய் அதனினும் குறைவு. அதாவது செம்பு நீரைவிட 600 மடங்குக்கு மேல் வெப்பங்கடத்த வல்லது. அப்படியானால், செம்பைப் பொடியாக்கி நீரில் கலந்துவிட்டால் என்ன?

பழைய எண்ணம், புதிய துகள்

இந்த எண்ணம் புதிதன்று. ஒரு நீர்மத்தினுள் கோளவடிவத் துகள்கள் பரவியிருந்தால் கலவையின் கடத்துதிறன் எவ்வளவு இருக்கும் என்பதற்கான சூத்திரத்தை மாக்ஸ்வெல் 1873இலேயே தம் மின்காந்தவியல் நூலில் தந்துவிட்டார். மின்சாரத்துக்காக எழுதப்பட்டதாயினும் அச்சூத்திரம் வெப்பத்துக்கும் பொருந்தும். அதன்பின் பலர் மில்லிமீட்டர், மைக்ரான் அளவிலான பொடிகளைக் கலந்து பார்த்தனர். பயன் கிட்டவில்லை. பொடி அடியில் படிந்தது, குழாயை அடைத்தது, பம்பின் உட்பகுதியைத் தேய்த்தது.

1995ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஸ்டீபன் சோய் என்பவர், மைக்ரானைவிடப் பன்மடங்கு சிறிய நானோ துகள்களைப் பயன்படுத்தும் கருத்தை முன்வைத்து, அத்தகைய கலவைக்கு ‘நானோ பாய்மம்’ என்னும் பெயரையும் சூட்டினார். நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. நானோ துகள்களின் குறுக்களவு பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் வரை இருக்கும்.

துகள் சிறுக்கச் சிறுக்க அதன் பரப்பு பெருகும் விந்தையை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள செம்புக் கனசதுரத்தின் மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனை 10 நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாக நறுக்க முடிந்தால், மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர் ஆகிவிடும். நம்மூர் வழக்கில் சொன்னால் இரண்டரை கிரவுண்டுக்கும் மேல்! சுண்டைக்காய் அளவுச் செம்பு அத்தனை பரப்பில் நீரைத் தொட்டு நிற்கும். வெப்பம் துகளுக்கும் நீருக்கும் இடையே கைமாறுவது இப்பரப்பின் வழியாகத்தான். ஆகவே இத்துறையில் பெரும் எதிர்பார்ப்பு எழுந்ததில் வியப்பில்லை.

ஏன் படிவதில்லை?

இப்போது ஏரிக்கரைக் கேள்விக்கு வருவோம். இயற்பியல் ஆய்வகத்தில் விளக்கெண்ணெய் நிரம்பிய உயரமான கண்ணாடிச் சாடியில் எஃகுக் குண்டுகளை ஒவ்வொன்றாக இட்டு, அவை இறங்கும் நேரத்தை நிறுத்துகடிகாரத்தால் குறித்த நினைவு நம்மில் பலருக்கு இருக்கும். அதே ஸ்டோக்ஸ் விதிதான் இங்கும் ஆட்சி செய்கிறது. துகள் இறங்கும் வேகம் அதன் ஆரத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. ஆரம் பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்றாகும்.

அலுமினாத் துகள்களை எடுத்துக்கொள்வோம். 5 மைக்ரான் குறுக்களவுள்ள துகள் ஒன்று, 10 சென்டிமீட்டர் உயரமுள்ள நீரில் அடியை அடைய ஏறத்தாழ 40 நிமிடங்கள் ஆகும். அதே அலுமினா 50 நானோமீட்டர் அளவில் இருந்தால் ஒரு நாளுக்கு அரை மில்லிமீட்டர்கூட இறங்காது. 10 சென்டிமீட்டரைக் கடக்க ஒன்பது மாதங்களுக்கு மேல் தேவை. அதற்குள் நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இடித்துத் தள்ளுவதால் ஏற்படும் பிரௌனியன் இயக்கம் துகளை மேலும் கீழுமாக அலைக்கழித்துக்கொண்டே இருக்கும். ஏரியின் களிமண் நீண்ட நாள் மிதப்பதற்கும் காரணம் இதுவே.

சிறிய துகள்களாக இருந்தால் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. ஏனெனில் துகள்கள் தனித்தனியே நிற்க விரும்புவதில்லை. இரண்டு துகள்கள் மிக நெருங்கிவிட்டால் வான் டெர் வால்ஸ் ஈர்ப்பு அவற்றை ஒட்டவைத்துவிடும். இரண்டு நான்காகும், நான்கு நாற்பதாகும். இப்படிக் கூடிய கொத்து ஒரு மைக்ரான் அளவை எட்டினால், அது திண்ணிய உருண்டையைப் போல நடந்துகொள்ளும் எனக் கொண்டு கணக்கிட்டால், முன்பு ஒன்பது மாதம் எடுத்த அதே 10 சென்டிமீட்டரை 17 மணி நேரத்தில் கடந்துவிடும். மாலையில் கலக்கி வைத்த பாய்மம் மறுநாள் நண்பகலுக்குள் அடியில் வண்டலாகக் கிடக்கும். நானோ பாய்மத்தின் நிலைப்பு என்று ஆய்வாளர் கூறுவது இக்கூட்டம் சேராமல் இருக்கும் தன்மையையே ஆகும்.

துகள்களைப் பிரித்து வைப்பது எப்படி?

இயற்கையில் துகள்களைப் பிரித்து வைப்பது மின்னூட்டம். நீரிலுள்ள துகளின் மேற்பரப்பு மின்னூட்டம் பெறுகிறது. அதைச் சுற்றி எதிர்மின்னூட்ட அயனிகள் ஒரு போர்வைபோலச் சூழ்கின்றன. ஒரே வகை மின்னூட்டமுள்ள இரு துகள்கள் நெருங்கும்போது ஒன்றையொன்று விலக்குகின்றன. இவ்விலக்கத்துக்கும் ஈர்ப்புக்கும் இடையேயான போட்டியைக் கணக்கிட்டுக் காட்டியவர்கள் 1941இல் ரஷ்ய நாட்டின் டெரியாகின், லாண்டாவ் இருவரும், 1948இல் ஹாலந்து நாட்டின் வெர்வே, ஓவர்பீக் இருவரும் ஆவர். விலக்கத்தின் வலிமைக்கு அளவுகோலாக ஜீட்டா மின்னழுத்தம் பயன்படுகிறது. அது நேர்க்குறியாயினும் எதிர்க்குறியாயினும் 30 மில்லிவோல்ட்டுக்கு மேல் இருந்தால் பாய்மம் நிலைத்து நிற்கும் என்பது பொதுவான வழிகாட்டு விதி.

இம்மின்னூட்டம் நீரின் அமில காரத் தன்மையைப் பொறுத்து மாறும். அலுமினாவுக்குப் பி.எச். மதிப்பு ஏறத்தாழ 9 ஆக இருக்கையில் மேற்பரப்பு மின்னூட்டம் சுழியாகிவிடுகிறது. அப்போது துகள்கள் விரைந்து கூட்டம் சேரும். பி.எச். 4 அல்லது 5 என்னும் அமில நிலையில் அவை நன்கு பிரிந்து நிற்கும். இதே நாடகம் நம் வீட்டு அடுப்பங்கரையிலும் நடக்கிறது. பால் ஒரு கூழ்மம். அதில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் பி.எச். குறைந்து, புரதத் துகள்கள் மின்னூட்டம் இழந்து ஒன்றுசேர, பால் திரிந்துவிடுகிறது. அலுமினாவுக்குக் காரம் எப்படியோ, பாலுக்கு அமிலம் அப்படி.

நம் பாட்டிமார் இவ்வித்தையை வேறு நோக்கத்துக்காகக் கையாண்டனர். கலங்கிய நீரைத் தெளியவைக்கத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்த்தார்கள். படிகாரத்தைச் சிறிது கலக்கினார்கள். இவை களித்துகள்களின் மின்னூட்டத்தை அடக்கிக் கூட்டம் சேர்க்கின்றன. கூட்டம் கனத்து அடியில் படிகிறது. குடிநீருக்குத் தெளிவு வேண்டும். நானோ பாய்மத்துக்குத் தெளிவே கேடு. அறிவியல் ஒன்றே, தேவைதான் நேரெதிர்.

இரண்டாவது வழி துகளுக்குச் சட்டை அணிவிப்பது. விளக்குக் கரியை வெறும் நீரில் கலந்தால் தங்காது. கருவேலம்பிசினோடு சேர்த்து அரைத்தால் எழுதும் மையாகிவிடும். பிசின் மூலக்கூறுகள் ஒவ்வொரு கரித்துகளையும் போர்த்தி, ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுப்பதே காரணம். இன்றைய ஆய்வுக்கூடங்களில் ஒலியிக் அமிலமும், சோப்பினத்தைச் சேர்ந்த பிற பொருள்களும் இதே வேலையைச் செய்கின்றன. கூட்டம் சேர்ந்துவிட்ட துகள்களை மீயொலி அதிர்வால் குலுக்கிப் பிரிப்பதும் உண்டு. ஆயினும் மீயொலி, சேர்ந்ததைப் பிரிக்குமேயன்றி மீண்டும் சேராமல் காக்காது என்பதை மறக்கலாகாது.

இவ்வாறு நிலைத்து நிற்கச் செய்வது இயலுமா என ஐயுறுவோர்க்கு ஒரு சான்று: மைக்கேல் பாரடே 1850களில் தயாரித்த செந்நிறத் தங்கக் கூழ்மம் லண்டனில் உள்ள ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் காட்சிக்கு உள்ளது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அதன் தங்கத் துகள்கள் மிதந்துகொண்டிருக்கின்றன.

வியப்பூட்டிய எண்கள்

இனி வெப்பங்கடத்தலுக்கு வருவோம். துகளின் கடத்துதிறன் நீரைவிடப் பன்மடங்கு மிகுந்து, துகளின் அளவும் குறைவாக இருக்கும்போது மாக்ஸ்வெல் சூத்திரம் ஓர் எளிய விதியாகச் சுருங்குகிறது. கன அளவில் 1 விழுக்காடு துகள் சேர்த்தால் கடத்துதிறன் ஏறத்தாழ 3 விழுக்காடு உயரும். அவ்வளவுதான். செம்பு 600 மடங்கு சிறந்ததாயிற்றே, ஏன் இவ்வளவு குறைந்த பயன் என்று கேட்கலாம்.

ஆவடியிலிருந்து பருத்திப்பட்டு வழியாகப் பூவிருந்தவல்லிக்குச் செல்லும் சாலை முழுவதும் சேறாகிவிட்டதாகக் கற்பனை செய்வோம். அச்சேற்றின் நடுவே அங்குமிங்குமாக நூறடிக்கு ஓரடி மட்டும் நல்ல தார்ச்சாலை போடப்பட்டுள்ளது. அந்த ஓரடியில் எவ்வளவு விரைவாகப் போனால் என்ன? மீதித் தொண்ணூற்றொன்பது அடி சேற்றை மிதித்துத்தானே ஆக வேண்டும்? துகள்கள் தனித்தனித் தீவுகளாக நிற்கும்வரை வெப்பமும் அவ்வாறே இடையிலுள்ள நீரைக் கடந்தே செல்ல வேண்டும்.

ஆனால் 2001இல் ஆர்கான் ஆய்வுக்கூடத்திலிருந்து வெளிவந்த ஒரு முடிவு உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. எத்திலீன் கிளைகாலில் 10 நானோமீட்டருக்கும் சிறிய செம்புத் துகள்களை ஏறத்தாழ 0.3 விழுக்காடு மட்டுமே கலந்தபோது கடத்துதிறன் 40 விழுக்காடு வரை உயர்ந்ததாக அவர்கள் அறிவித்தனர். மாக்ஸ்வெல் விதிப்படி எதிர்பார்க்க வேண்டியது 1 விழுக்காடே.

இவ்வாராய்ச்சியில் நம் சென்னைக்கும் சிறப்பான பங்கு உண்டு. 2003இல் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் சரித் குமார் தாஸ், ஜெர்மனி நாட்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து, வெப்பநிலையை 21 டிகிரியிலிருந்து 51 டிகிரி செல்சியசுக்கு உயர்த்தும்போது நானோ பாய்மத்தின் கடத்துதிறன் மேம்பாடு இரண்டு முதல் நான்கு மடங்காவதாகக் காட்டினார். அதே ஆண்டில் தாஸ், சுந்தரராஜன், வேதியியல் துறைப் பேராசிரியர் பிரதீப் ஆகியோரின் குழு தங்க, வெள்ளி நானோ துகள்களை ஆராய்ந்து, மிகமிகச் சிறிய அளவுத் தங்கமே கடத்துதிறனைக் கணிசமாக உயர்த்துவதாக அறிவித்தது. துகளின் மேற்பரப்பு எவ்வகை வேதிப்பொருளால் போர்த்தப்பட்டுள்ளது என்பதும் கடத்துதிறனைப் பாதிக்கிறது என்பது அக்குழு சுட்டிய மற்றொரு செய்தி.

விளக்கங்கள் பல எழுந்தன. பிரௌனியன் இயக்கத்தால் துகள்கள் நீரைக் கலக்கிவிடுகின்றன என்றனர் சிலர். துகளைச் சுற்றியுள்ள நீரடுக்கு பனிக்கட்டியைப் போல ஒழுங்கமைவதால் நன்கு கடத்துகிறது என்றனர் வேறு சிலர். துகள்கள் கொத்துக் கொத்தாகச் சேர்ந்து வெப்பத்துக்குப் பாலம் அமைக்கின்றன என்பது மூன்றாவது கருத்து. இதனிடையே ஒரே வகைப் பாய்மத்துக்கு ஓர் ஆய்வகம் ஓர் எண்ணையும், மற்றோர் ஆய்வகம் வேறோர் எண்ணையும் தந்துகொண்டிருந்தன. எதை நம்புவது?

ஒரே குப்பி, முப்பது ஆய்வகங்கள்

இக்குழப்பத்தைத் தீர்க்க எடுக்கப்பட்ட முயற்சி மாணவர் அனைவரும் அறிய வேண்டியது. அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த புவோஞ்சோர்னோவின் முன்னிலையில் உலகெங்கும் முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஒன்று கூடின. ஒரே வகை மாதிரிகள் எல்லோருக்கும் அனுப்பப்பட்டன. ஒவ்வொருவரும் தத்தம் கருவியால், தத்தம் முறையால் அளந்து முடிவைத் தெரிவித்தனர். சென்னை ஐ.ஐ.டி.யினரும், கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தினரும் இதில் பங்கு கொண்டனர்.

2009இல் முடிவு வெளியாயிற்று. பெரும்பாலான அளவீடுகள் சராசரியிலிருந்து 10 விழுக்காட்டுக்கு மேல் விலகவில்லை. சோதித்த பாய்மங்களில் விதியை மீறிய உயர்வு எதுவும் காணப்படவில்லை. துகளின் வடிவத்தையும் மேற்பரப்புத் தடையையும் கணக்கில் கொண்டு விரிவாக்கப்பட்ட மாக்ஸ்வெல் கொள்கையே அளவீடுகளை விளக்கப் போதுமானதாக இருந்தது. நூற்று முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட சூத்திரம் தலைநிமிர்ந்து நின்றது!

அப்படியானால் முன்னைய எண்கள் பலவற்றில் காணப்பட்ட வேறுபாடு எங்கிருந்து வந்தது? வெப்பங்கடத்துதிறனை அளக்கப் பெரிதும் பயன்படுவது சூடுகம்பி முறை. மெல்லிய பிளாட்டினக் கம்பியைப் பாய்மத்தில் மூழ்கவைத்து மின்சாரம் செலுத்தி, கம்பியின் வெப்பநிலை எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பதைச் சில நொடிகள் அளப்பர். நன்கு கடத்தும் பாய்மத்தில் கம்பி மெதுவாகச் சூடேறும். நீர் சிறிது அசைந்தாலும், துகள் சிறிது படிந்தாலும், கொத்துக் கொத்தாகச் சேர்ந்தாலும் எண் மாறிவிடும். காலையில் அளந்த குப்பியும் மாலையில் அளந்த அதே குப்பியும் ஒன்றல்ல. எத்தனை நாள் வைத்திருந்தார்கள், பி.எச். என்ன, எத்தனை நிமிடம் மீயொலியால் குலுக்கினார்கள் என்பவற்றைச் சொல்லாமல் கடத்துதிறனை மட்டும் சொல்வது, எத்தனை நாள் காய்ச்சல் என்று சொல்லாமல் வெப்பமானியின் அளவை மட்டும் சொல்வதற்கு ஒப்பாகும்.

கல்பாக்கத்தின் காந்தப் பாய்மம்

கொத்து சேர்வதால் வெப்பத்துக்குப் பாலம் அமைகிறது என்ற மூன்றாவது கருத்தை நேரடியாகச் சோதித்தவர்கள் கல்பாக்கத்தினர். ஜான் பிலிப், ஷிமா, பல்தேவ் ராஜ் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு இது. ஒலியிக் அமிலத்தால் போர்த்திய, ஏறத்தாழ 7 நானோமீட்டர் அளவுள்ள காந்த இரும்பு ஆக்சைடு துகள்களை மண்ணெண்ணெயில் கலந்தனர். காந்தப்புலம் இல்லாதபோது கடத்துதிறன் மாக்ஸ்வெல் எல்லையைத் தாண்டவில்லை. வெப்பம் செல்லும் திசையில் காந்தப்புலத்தைச் செலுத்தியதும் துகள்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி கோத்தன. ஏறத்தாழ 6 விழுக்காடு துகள்கள் கொண்ட பாய்மத்தில் கடத்துதிறன் மண்ணெண்ணெயைப் போல நான்கு மடங்கு வரை உயர்ந்தது. காந்தப்புலத்தை வெப்பத்தின் திசைக்குக் குறுக்காகச் செலுத்தியபோதோ அந்த உயர்வு கிட்டவில்லை.

நம் சாலை உவமையைக் கொண்டு இதனை எளிதில் புரிந்துகொள்ளலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்த தார்த் துண்டுகள் வரிசையாக இணைந்து பூவிருந்தவல்லி வரை ஒரே பாதையாகிவிட்டன. குறுக்கே இணைந்திருந்தால் பயணிக்கு என்ன பயன்?

ஆயின் இதில் ஒரு முரண் பொதிந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். வெப்பங்கடத்தலை மிகுவிக்கும் கூட்டமே, பாய்மத்தை வண்டலாக்கும் கூட்டமும் ஆகும். கட்டுப்பாடின்றிக் கூடினால் உயர்ந்த எண் ஒன்று இன்று கிட்டும். நாளை அது அடியில் படிந்துவிடும். கல்பாக்கத்தின் சிறப்பு, வேண்டும்போது சங்கிலியைக் கோக்கவும், காந்தப்புலத்தை நீக்கி வேண்டாதபோது பிரிக்கவும் முடிந்தது என்பதே. இத்தகைய காந்தப் பாய்மங்கள் ஏற்கனவே நடைமுறையில் உள்ளன. சில ஒலிபெருக்கிகளில் சுருளைச் சுற்றியுள்ள இடுக்கில் காந்தப் பாய்மத்தை நிரப்பி, சுருளின் வெப்பத்தை வெளியேற்றுகின்றனர்.

பொறியாளரின் தராசு

கடத்துதிறன் உயர்வதால் மட்டும் ஒரு பாய்மம் ரேடியேட்டருக்கு ஏற்றதாகிவிடாது. தராசின் மறுதட்டையும் பார்க்க வேண்டும். நீரில் கன அளவில் 1 விழுக்காடு அலுமினா சேர்த்ததாகக் கொள்வோம். துகள்கள் நன்கு பிரிந்திருந்தால் கடத்துதிறன் ஏறத்தாழ 3 விழுக்காடு உயரும். ஐன்ஸ்டைன் தந்த விதிப்படி பாகுநிலை 2.5 விழுக்காடு உயரும். அந்த அளவுக்குப் பம்பின் வேலை கூடும். ஒரு கிலோ பாய்மம் ஒரு டிகிரி சூடேற எடுத்துக்கொள்ளும் வெப்பமோ ஏறத்தாழ 3 விழுக்காடு குறைந்துவிடும். துகள்கள் கொத்தாகச் சேர்ந்திருந்தால் பாகுநிலை இன்னும் பன்மடங்கு ஏறும். சேர்க்கும் சோப்புப் பொருள்கள் நுரைக்கலாம், சூட்டில் சிதையலாம். துகளுக்கு அணிவிக்கும் சட்டையே வெப்பத்துக்குச் சிறு தடையாகவும் அமையலாம். இவற்றோடு விலையையும் வைத்துப் பார்த்தால், ஊர்திகளின் ரேடியேட்டரில் இன்றும் நீரும் கிளைகாலுமே ஆட்சி செய்வதன் காரணம் விளங்கும்.

ஆகவே ஒரு நானோ பாய்மத்தைப் பற்றிய செய்தியைப் படிக்கும்போது நான்கு கேள்விகளைக் கேட்கப் பழக வேண்டும். எத்தனை நாள் நிலைத்து நின்றது? எத்தனை முறை சூடேற்றிக் குளிர்வித்த பின் அளந்தார்கள்? பாகுநிலை எவ்வளவு உயர்ந்தது? வேறோர் ஆய்வகம் அதே எண்ணைக் கண்டதா?

நாமே செய்து பார்க்கலாம்

இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. மழைக்காலத்தில் ஏரியின் கலங்கிய நீரை மூன்று கண்ணாடிக் குப்பிகளில் எடுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். மற்றொன்றில் ஒரு தேக்கரண்டி உப்பையும், மூன்றாவதில் ஒரு சிட்டிகைப் படிகாரத்தூளையும் கலக்குங்கள். மணிக்கு ஒருமுறை தெளிந்த பகுதியின் உயரத்தை அளவுகோலால் அளந்து வரைபடத்தாளில் குறியுங்கள். படிகாரக் குப்பி முதலில் தெளியும். உப்பிட்டது பின்னர்த் தெளியும். வெறும் நீர் நீண்ட நேரம் கலங்கியே நிற்கும். நிலைப்பு என்னும் சொல்லின் பொருளை அந்த மூன்று கோடுகளும் உங்களுக்குக் கற்பித்துவிடும். பின்னர் உங்கள் குப்பிகளின் நீரையே நண்பர் ஒருவரிடம் கொடுத்து, உங்கள் வரைபடத்தைக் காட்டாமல், அவரையும் அளக்கச் சொல்லுங்கள். இருவர் கோடுகளும் ஒன்றானால் மகிழுங்கள். வேறுபட்டால் இன்னும் மகிழுங்கள். கற்க வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

முப்பது ஆய்வகங்கள் ஒரே குப்பியை அளந்து பார்த்தபோது சில கனவுகள் கலைந்தன என்பது உண்மையே. ஆனால் அதனால் அத்துறை அழிந்துவிடவில்லை. எந்த நிலத்தில் நின்று வீடு கட்டலாம் என்பது தெளிவாயிற்று. டாங்கி எஞ்சினுக்கும், லேத்துக்கும், சூரிய வெப்பச் சேமிப்புக்கும், கணிப்பொறியின் குளிர்விப்புக்கும் ஏற்ற, ஆண்டுக்கணக்கில் படியாத, மலிவான ஒரு பாய்மத்தை ஆக்கும் வேலை இன்னும் எஞ்சி நிற்கிறது. தொழிற்சாலைகள் சூழ்ந்த இம்மண்ணில் பயிலும் மாணவர்களுள் ஒருவர் அவ்வேலையில் ஈடுபட்டு வெற்றி காண்பாராயின், அது நம் கல்லூரிக்கும் ஊருக்கும் பெருமை சேர்ப்பதாகும். அதற்கான முதற்பாடம் ஏரிக்கரையில் எடுத்து வந்த மூன்று குப்பிகளிலிருந்தே தொடங்கலாம்.